பத்து நாள் ஜப்பானுக்காக நகை அடகுக்குப் போக வேண்டாம்

பிளஸ் ஒன் படிக்கும் மகளை ‘ஜப்பான் பண்பாட்டுப் பயண’த்துக்கு அனுப்ப நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. அந்தச் சான்றிதழ் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு உதவும் என்றாராம் உங்கள் நாத்தனார். உதவாது. பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கிமோனோ உடுத்தியதற்கு அதில் மதிப்பெண் கிடையாது.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மகள் பழைய புத்தகங்களைப் பிரித்துத் தைக்கிறாள், பழந்தாளை ஊறவைத்துக் காகிதம் செய்கிறாள். பேச வேண்டியது அதைத்தான்.

ஜப்பானியர் கையால் செய்யும் காகிதம் வாஷி. கிஃபு மாகாணத்து மினோ ஊரின் காகிதக்கலை 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கோசோ செடியின் பட்டையைக் காரநீரில் வேகவைத்து, துரும்பைக் கையால் பொறுக்கி, அடித்துக் கூழாக்குவார்கள். தொட்டி நீரில் கூழோடு தொரொரோ-அஓய் வேரின் கொழகொழப்பும் சேரும். அந்தச் செடி நம் வெண்டைக்கு நெருங்கிய உறவு. கொழகொழப்பு குறைந்தால் நார் திரண்டு, தாள் திட்டுத்திட்டாகிவிடும். வெயில் காலத்தில் அந்தக் கொழகொழப்பு சீக்கிரம் நீர்த்துப்போகும் என்பதால் குளிர்காலத் தாளுக்கே பெயர். மினோ காகித அருங்காட்சியகத்தில் பயணிகளும் தாள் எடுக்கலாம். ஆனால் கூழ் தயாராக இருக்கும், கூழை அள்ளும் சல்லடைச் சட்டத்தை ஆட்டுவது மட்டுமே உங்கள் வேலை. தொழில் அதற்கு முந்தைய நாட்களில் இருக்கிறது.

நார் நீளமானது, ஆகவே மிக மெல்லிய வாஷியும் எளிதில் கிழியாது. கிழிந்த ஆவணங்களை இந்தத் தாளாலும் கோதுமை மாவுச்சத்துப் பசையாலும் ஒட்டுகிறார்கள். ஈரம் காட்டினால் பின்னால் பிரித்தெடுக்கலாம். உலகெங்கும் ஆவணப் பாதுகாப்பில் நடப்பது இது.

அவளுக்கு நான் சொல்லும் வழி: முதலில் வேதியியல் பட்டம். பிறகு நொய்டாவில் இந்தியப் பாரம்பரிய நிறுவனத்தில் பாதுகாப்பியல் (பழம்பொருட்களையும் ஆவணங்களையும் கெடாமல் காக்கும் துறை) முதுகலை. சில ஆண்டுகள் வேலை பார்த்தபின், ஜப்பானியக் காகிதப் பாதுகாப்புக்கென பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கும் பன்னாட்டு அமைப்பான இக்ரோமும் டோக்கியோ பண்பாட்டுச் சொத்து ஆய்வு நிறுவனமும் 1992இல் தொடங்கிய மூன்று வாரப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். அனுபவமுள்ள சிலரை மட்டுமே எடுப்பார்கள். இதில் வேலைகள் குறைவு, ஐ.டி. சம்பளம் வராது. இதை மகளிடம் மறைக்காதீர்கள். தெரிந்த பிறகும் அவள் விரும்பினால் குறுக்கே நிற்காதீர்கள்.

இப்போதைக்கு ஜப்பானிய மொழி போதும். ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யின் தொடக்க நிலையை, அதாவது என்5 தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம்.

முன்பணம் கட்டிவிட்டதாகச் சொல்கிறீர்கள். ரசீதில் ரத்து விதியைப் பார்த்து, திருப்பித் தரும்படி இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள்.