பார் லைட் மினுக்குதுன்னா மொதல்ல எர்த்தைப் பாருங்க

ஆனைமலைத் தோட்டத்து மண்பாதையில ஜீப் குலுங்குனா, கூடுதலா மாட்டுன அந்த நீளமான பார் லைட் மினுக்குது, ஹாரன் அடிச்சா மங்குதுன்னு கேட்டிருந்தீங்க. ரிலேவை (லைட்டுக்குக் கரண்ட்டை விடற சுவிட்ச்) இப்பவே மாத்தாதீங்க, காசு தண்டம். லைட்டைப் போட்டுட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டுல வெச்சு, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொன்னை லைட்டோட எர்த் வயர்லயும் (கரண்ட் வண்டி பாடி வழியா பேட்டரிக்குத் திரும்பற வயர்) வைங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டுனா எர்த்துலதானுங்க கோளாறு. எர்த் வயர் போல்ட்டைப் பெயிண்ட் மேலயே முடுக்கியிருப்பாங்க. இரும்பு பளிச்சுனு தெரியறவரைக்கும் சுரண்டி, வயர் முனைக்கு ரிங் டெர்மினல் (உலோக வளையம்) வெச்சு இறுக்கி, மேல கிரீஸ் பூசுங்க. எர்த் வயரும் பாசிட்டிவ் வயர் அளவுக்குத் தடியா இருக்கோணும். இஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் (வண்டியோட அடிச்சட்டம்) நடுவுல இருக்கற எர்த் பட்டையையும் அசைச்சுப் பாருங்க. பின்னாடி எப்பவாச்சும் வின்ச் (சிக்குன வண்டியை இழுக்கற மோட்டார்) மாட்டுனா, அதுக்கு நெகட்டிவ் நேரா பேட்டரிக்குத்தானுங்க. அப்பறம், பொள்ளாச்சி ரோட்டுல அந்த லைட்டைப் போட்டுறாதீங்க, எதிர்ல வர்றவங்க பாவம்!