வேகமான கார், இரண்டு குழந்தைகள், ஏழு வருடக் கடன்: வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 37. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு 4 வயது, மகனுக்குப் பத்து மாதம். இருவர் சம்பளத்தையும் சேர்த்து மாதம் 100 என்று வைத்துக்கொண்டால், வீட்டுக் கடனுக்கு 30, குடும்பச் செலவுக்கு 40, சேமிப்புக்கு 15 போகிறது. மீதி 15. வங்கி டெபாசிட்டில் 700 இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே எனக்கு வேகமான கார் மேல் ஆசை. மனதில் இருக்கும் புதிய காரின் விலை 1000. கையிலிருந்து 100 கட்டி, மீதி 900-ஐ 9 சதவீத வட்டியில் 7 வருடக் கடனாக வாங்கலாம் என்று நினைக்கிறேன். குடும்பம் இருக்கும்போது இதெல்லாம் தேவையா என்கிறார் கணவர். இப்போதிருக்கும் சிறிய காரை வைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: வாங்கலாம். ஆனால் இந்தக் காரை, இந்தக் கடனில் வேண்டாம். மூன்று வயதான, நான்கு கதவுள்ள வேகமான காரை உங்கள் வருமானம் தாங்கும். கணவரின் கவலையும் நியாயமானதுதான்; கணக்கைப் போட்டுப் பார்த்தால் அவர் எதற்குப் பயப்படுகிறார் என்பது புரியும்.

900-ஐ 9 சதவீதத்தில் 7 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 14.5. உங்களிடம் மிஞ்சுவதே 15. அதாவது கார் வாசலில் நிற்கும், பெட்ரோல் போடப் பணம் இருக்காது. வட்டியாக மட்டும் 316 போகும். இருவரின் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. மூன்று வருடம் ஒழுங்காகத் தவணை கட்டிய பிறகும் 582 பாக்கி நிற்கும். காரின் மதிப்பு அதற்குள் 45 சதவீதம் இறங்கிவிட்டது என்று வையுங்கள். விற்றால் 550 கிடைக்கும். யாருக்காவது வேலை போய் காரை விற்க வேண்டி வந்தால், காரையும் கொடுத்து மேலே 32-ம் கொடுக்க வேண்டும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த ஆபத்தை எடுக்கவே கூடாது.

இப்போது அதே மாதிரி காரை, வேறொருவர் மூன்று வருடம் ஓட்டிய பிறகு 550-க்கு நீங்கள் வாங்குவதாகப் பாருங்கள். உங்கள் குடும்பத்துக்கு மாதச் செலவும் வீட்டுக் கடனும் சேர்த்து 70. ஆறு மாதத்துக்கு 420. டெபாசிட்டில் அதைத் தொடாதீர்கள். மிச்சம் 280. அதில் 50-ஐ காருக்கான பராமரிப்பு நிதியாக ஒதுக்கி, 230-ஐ முன்பணமாகக் கொடுங்கள். 320-க்கு 4 வருடக் கடன் வாங்கினால் அதே வட்டியில் தவணை 8. பழைய காருக்கு வட்டி கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். அப்படியே இருந்தாலும் 8.5-ஐத் தாண்டாது. ஓட்டச் செலவுக்கு மாதம் 6.5 முதல் 7 வரை மிஞ்சும். சேமிப்பு 15-ல் கை வைக்க வேண்டியதில்லை. அதுதான் என் நிபந்தனையும். பிள்ளைகளின் படிப்புக்குப் போகும் பணத்தை எடுத்துக் குதிரைத்திறன் வாங்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஓட்டச் செலவு என்றதும் பலர் மைலேஜை மட்டும் பார்க்கிறார்கள். வேகமான காரில் பணத்தை அதிகம் தின்பது டயரும் பிரேக்கும். அகலமான, மென்மையான ரப்பர் கொண்ட டயர்கள் சாலையைப் பிடித்துக்கொள்ளும், அதனாலேயே சீக்கிரம் தேயும். நாலு சக்கரமும் இழுக்கும் கார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு டயர் கிழிந்தால் அதை மட்டும் மாற்ற முடியாமல் போகலாம்; மற்றவை பாதி தேய்ந்திருந்தால் சுற்றளவு வேறுபட்டு, முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியலுக்குச் சுமை ஏறும். ஆக, ஓர் ஆணிக்கு நாலு டயர். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் வரும் கார்களில், தேய்மானத்தைச் சமப்படுத்த முன்பின்னாக மாற்றிப் போடவும் வழியில்லை. கார்பன் செராமிக் பிரேக் பொருத்திய பழைய கார் மலிவாக வந்தால் மயங்காதீர்கள். ஒரு செட் டிஸ்க் மாற்றும் செலவில் சாதாரண பழைய கார் ஒன்றையே வாங்கிவிடலாம். குழந்தையைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் காருக்கு இரும்பு டிஸ்க் போதும்.

சரி, எந்த மாதிரி கார்? குடும்பக் காரில் சக்தி கூடிய எஞ்சினைப் பொருத்துவது புதிய யோசனை இல்லை. 1976-ல் ஃபோக்ஸ்வாகன் கொண்டுவந்த முதல் கோல்ஃப் ஜிடிஐ வெறும் 110 குதிரைத்திறன் கொண்டது. 1985-ல் பிஎம்டபிள்யூ முதல் எம்5-ஐக் கொண்டுவந்தது. பார்வைக்கு அலுவலகம் போகிறவரின் செடான், உள்ளே 286 குதிரைத்திறன். 1994-ல் ஆடியும் போர்ஷேயும் சேர்ந்து செய்த ஆர்எஸ்2, பின்னால் சாமான் ஏற்றும் எஸ்டேட் கார். இந்த மரபில் வந்த கார்கள்தான் உங்களுக்குப் பொருந்தும். வெளியே சாதுவாக இருக்கும் கார் வீட்டுக்குள்ளும் சண்டை மூட்டாது என்பது என் அனுபவம்.

என்னைக் கேட்டால் முதல் தேர்வு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 2020-ல் வந்த தலைமுறையில் 245 குதிரைத்திறன், டிக்கியில் 600 லிட்டர் இடம். ஸ்ட்ரோலரை மடக்கிப் போட்டாலும் இன்னும் இரண்டு பெட்டி வைக்கலாம். இதைவிட வேகம் வேண்டுமென்றால் கோல்ஃப் ஆர். டிக்கி சிறிது, பின் இருக்கையும் கொஞ்சம் நெருக்கம். 2022-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்3 டூரிங்கில் 510 குதிரைத்திறனும் 500 லிட்டர் டிக்கியும் இருக்கின்றன. ஆனால் அதன் டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் மாதம் 7-க்குள் அடங்காது. ஹோண்டா சிவிக் டைப் ஆர் ஓட்ட அற்புதமான கார். கதவும் டிக்கியும் குடும்பக் கார் மாதிரியே இருக்கும், ஆனால் 2017-க்குப் பிறகு வந்தவற்றில் பின்னால் இரண்டே இருக்கை. பாட்டியோ தாத்தாவோ கூட வந்தால் இரண்டு கார் எடுக்க வேண்டும். மேனுவல் கியர் மட்டும்தான் என்பதால், கணவருக்கும் அது பிடிக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

மின்சாரக் கார் பக்கமும் பாருங்கள். ஹூண்டாய் ஐயோனிக் 5 என், தேவைப்படும் சில நொடிகளுக்கு 650 குதிரைத்திறன் தரும். உள்ளே ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம். பிரேக் பேட் மெதுவாகத்தான் தேயும், எஞ்சின் ஆயில் செலவு கிடையாது. ஆனால் எடை கூடுதல் என்பதால் டயர் வேகமாகத் தேயும், ரீசேல் விலையும் பெட்ரோல் காரைவிட வேகமாக இறங்குவதைப் பார்க்கிறோம். விற்பவருக்கு நஷ்டமான அந்தச் சரிவு மூன்று வருடம் கழித்து வாங்கும் உங்களுக்கு லாபம். பேட்டரி உத்தரவாதம் பெரும்பாலும் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். அதில் எவ்வளவு மீதி என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் சார்ஜ் செய்ய வசதி இல்லையென்றால் இந்த வழியே வேண்டாம்.

ஷோரூமுக்கோ விற்பவர் வீட்டுக்கோ போகும்போது குழந்தை சீட் இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் மகன் இன்னும் பின்னோக்கித்தான் உட்கார வேண்டும். 2013-ல் வந்த ஆர்129 என்ற ஐ.நா. விதி, குறைந்தது 15 மாதம் வரை அப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறது. அதற்குப் பிறகும் முடிந்தவரை தொடர்வது நல்லது. அந்த சீட்டை மாட்டினால் முன் இருக்கையை நகர்த்த வேண்டி வரும். முழங்கால் டேஷ்போர்டில் இடிக்காமல் கணவரால் முன்னால் உட்கார முடிகிறதா? சீட்டைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி பின்வரிசையின் இரு ஓரத்திலும் உண்டா? உடம்பைப் பிடித்துக்கொள்ளும் குழிவான பக்கெட் சீட்டின் சரிவில் குழந்தை சீட் ஆடாமல் நிற்கிறதா? டெஸ்ட் டிரைவில் எல்லாரும் ஏறுங்கள். விறைப்பான சஸ்பென்ஷனில் முன்னால் இருப்பவருக்கு வரும் சுகம் பின்னால் இருப்பவருக்கு வருவதில்லை. சில குழந்தைகளுக்குப் பத்து நிமிடத்தில் வாந்தி வந்துவிடும். அதை முன்பணம் கொடுத்த பிறகு தெரிந்துகொள்ளக் கூடாது.

இரண்டு இருக்கை காரைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த வயதுக் குழந்தைகள் இருக்கும்போது வேண்டாம். விடுமுறை நாளில் நீங்கள் தனியாகக் கிளம்பினால் இரண்டு பிள்ளைகளும் கணவர் கையில். கார் ஷெட்டில் தூங்கும், இன்சூரன்ஸ் மட்டும் ஓடும். மகன் பள்ளிக்குப் போன பிறகு, வீட்டுக் கடனும் கொஞ்சம் இறங்கிய பிறகு, மறுபடி கேளுங்கள். அப்போது என் பதில் மாறலாம்.

பிடித்த கார் கிடைத்துவிட்டால் அவசரப்பட வேண்டாம். முதலில் அந்த மாடலுக்கு உங்கள் பெயரில் இன்சூரன்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். அதிக சக்தியுள்ள காருக்குத் தொகை திடுக்கிட வைக்கலாம். சர்வீஸ் பதிவுகளை வரிசையாகப் பாருங்கள், முக்கியமாக கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியிருக்கிறார்களா என்று. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2321 என்றால் 2021-ன் 23-வது வாரத்தில் செய்தது. நான்கிலும் வேறு வேறு பிராண்டு இருந்தால் முன்னால் வைத்திருந்தவர் செலவைத் தள்ளிப்போட்டிருக்கிறார் என்று அர்த்தம். எஞ்சின் மென்பொருளை மாற்றி சக்தியைக் கூட்டியிருந்தால் உத்தரவாதம் போய்விடலாம், இன்சூரன்ஸ் கம்பெனியும் கைவிரிக்கலாம். அப்படிப்பட்ட காரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் காரைத் தூக்கி அடியில் பார்த்து, சரி என்று சொன்ன பிறகே முன்பணம் கொடுங்கள்.