ஒத்திக் கெடு முடிந்தது, பணம் வரவில்லை, கதவில் வங்கி நோட்டீஸ்: வீட்டைக் காலி செய்யலாமா?

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் ஒரு வீட்டை 3 ஆண்டு ஒத்திக்கு எடுத்து 6 லட்சம் ரூபாய் கொடுத்தோம். 4 லட்சம் வங்கி வழியாகப் போனது, 2 லட்சம் கையில் கொடுத்தோம். 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம், பதிவு செய்யவில்லை. கெடு ஆடியோடு முடிந்துவிட்டது. "அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் பணம்" என்கிறார் வீட்டுக்காரர். போன வாரம் வங்கிக்காரர்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். "நீங்கள் காலி செய்யுங்கள், பணம் வீடு தேடி வரும்" என்று வீட்டுக்கார அம்மா சொல்கிறார். என்ன செய்வது? — ஒரு வாசகி

பதில்: பணம் கைக்கு வராமல் சாவியைக் கொடுக்காதீர்கள், அம்மா. வீடு தேடி வந்த ஒத்திப் பணத்தை என் அனுபவத்தில் நான் பார்த்ததே இல்லை. சாவியும் பணமும் ஒரே நாளில், ஒரே மேசையில் கைமாற வேண்டும். கோர்ட் உத்தரவு இல்லாமல் வீட்டுக்காரர் உங்களை வெளியேற்றிப் பூட்டுப் போட முடியாது.

ஆனால் இந்தப் பலம் வீட்டுக்காரரிடம்தான் செல்லும். வங்கியிடம் அவ்வளவாகச் செல்லாது. அதனால் இன்றே வில்லங்கம் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பட்டியலில் "உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு" என்று ஒரு பதிவு இருக்கும். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியதற்கான அடையாளம் அது. அதன் தேதியையும் உங்கள் ஒத்தித் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் வழக்கின் முக்கால் பங்கு அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் இருக்கிறது.

வங்கிக் கடன் முந்தையது என்றால், வீட்டின் மீது வங்கிக்குத்தான் முதல் உரிமை. பதிவு செய்யாத பத்திரத்தை வைத்துக்கொண்டு அதை எதிர்த்து நெடுநாள் நிற்க முடியாது. உங்கள் ஒத்தி முந்தையது என்றால் பேச இடமுண்டு. பதிவு செய்திருந்தால் அந்த இடம் இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

சென்னையில் லீஸ் என்பதையும் நம் பக்கத்தில் ஒத்தி என்பதையும் சட்டம் சுவாதீன அடமானம் என்று பார்க்கக்கூடும். பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை என்பதுதானே ஏற்பாடு? 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, 100 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட தொகைக்கான இத்தகைய அடமானத்துக்கு இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட, பதிவு செய்யப்பட்ட பத்திரம் வேண்டும். ஆறு லட்சத்துக்கு 20 ரூபாய்ப் பத்திரம்! செலவு மிச்சம் என்று டைப்பிங் கடையோடு முடித்துவிடுகிறார்கள். ஊர் முழுக்க இப்படித்தான் நடக்கிறது என்பதால் உங்களை மட்டும் கோபித்துப் பயனில்லை.

அதற்காகப் பணம் போய்விட்டது என்று பொருளல்ல. பதிவில்லாத பத்திரத்தால் வீட்டின் மீது அடமான உரிமை பிறக்காது. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. முத்திரைத்தாள் குறைவு என்று எதிர்த்தரப்பு கிளப்பும். கட்டாமல் விட்ட முத்திரைத் தொகையையும், அதில் பத்து மடங்கு வரை அபராதத்தையும் கட்டச் சொல்லி நீதிமன்றம் அந்தக் குறையைத் தீர்க்கலாம். 4 லட்சத்துக்கு வங்கிக் கணக்குப் புத்தகமே சாட்சி. கவலை அந்த 2 லட்சத்தில்தான். பத்திரத்தில் 6 லட்சம் பெற்றுக்கொண்டதாக வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக, சண்டையில்லாமல், "அண்ணே, 6 லட்சத்தை எப்போது தருவீர்கள்?" என்று கேளுங்கள். "தீபாவளிக்குள் தருகிறேன்" என்று அவர் பதில் போட்டால் அதை அழித்துவிடாதீர்கள்.

பணம் கேட்டு வழக்குப் போட, திருப்பித் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு. நல்ல மனிதர், தருவார் என்று காத்திருந்தே இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு. அந்த மூன்று ஆண்டுக்குள் "இவ்வளவு தர வேண்டியுள்ளது" என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து கெடு புதிதாக ஓடும். வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், அதாவது 18,000 ரூபாய்.

இனி கதவில் ஒட்டிய நோட்டீஸ். கடன் திரும்பாதபோது அடமான வீட்டை வங்கியே எடுத்து விற்க வழிசெய்வது சர்பாசி சட்டம். அதில் 13(2) நோட்டீஸ் என்றால் கடன் வாங்கியவருக்கு 60 நாள் அவகாசம் தரும் கடிதம். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. 13(4) என்று இருந்தால் அது சுவாதீன அறிவிப்பு. அப்போதும் நாளையே ஆளை வெளியேற்றிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் முதலில் எடுப்பது காகிதச் சுவாதீனம், அதாவது ஆளை வெளியேற்றாமல் நோட்டீஸ் அளவில் எடுப்பது. ஆள் குடியிருக்கும் வீட்டில் நேரடிச் சுவாதீனத்துக்கு வங்கிகள் வழக்கமாக ஆட்சியர் அல்லது தலைமை நீதித்துறை நடுவரின் உத்தரவோடுதான் வரும். ஆனால் 13(4) நடவடிக்கையை எதிர்க்க 45 நாள்தான். போக வேண்டிய இடம் கடன் மீட்புத் தீர்ப்பாயம். அது மதுரையிலேயே இருக்கிறது. உங்கள் ஒத்தி முந்தையது என்று தேதி சொன்னால் மட்டும் அந்தச் செலவைச் செய்யுங்கள்.

எப்படியிருந்தாலும் வங்கியின் அதிகார அலுவலருக்குப் பதிவுத் தபாலில், பத்திர நகலோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். ஏலத்தில் கடன் போக மிச்சம் வந்தால் அது உரியவருக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் அதை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாமல் தடுக்க, பண வழக்கோடு தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி மனுவையும் (தீர்ப்பு வரும்வரை அந்தப் பணத்தை முடக்கி வைக்கக் கேட்கும் மனு) உங்கள் வழக்கறிஞர் போடலாம்.

கடனை மறைத்து ஒத்திக்கு விட்டிருந்தால் மோசடிப் புகாரும் கொடுக்கலாம். "இது சிவில் விவகாரம்" என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். வில்லங்கச் சான்றைக் கையோடு கொண்டுபோங்கள். புகார் அவரைப் பேச்சுக்கு இழுக்கும், ஆனால் அதுவே பணத்தை வாங்கித் தந்துவிடாது.

செலவுக்கு யோசித்தால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. வீட்டுக்காரரை அழைத்துப் பேசி மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால், அந்த உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. போகும்போது ஒத்திப் பத்திரத்தின் நகலை மட்டும் எடுத்துப்போங்கள். அசலை யாரிடமும், வீட்டுக்காரரிடம் முக்கியமாக, "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்றாலும் கொடுக்க வேண்டாம்.