உலோகம் உருகாமலே அதனுள் படிக எல்லைகள் எப்படி நகர்கின்றன?

எல்லை என்று தனியாக ஒரு பொருள் கிடையாது, அதிலிருந்து தொடங்கினால் குழப்பம் தீரும். செம்புத் துண்டுக்குள் எண்ணற்ற குட்டிப் படிகங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் அணுவரிசை வேறு திசையில் சாய்ந்திருக்கும். அவை சந்திக்கும், சில அணுக்கள் அகலமே உள்ள ஒழுங்கற்ற பகுதிதான் எல்லை. சூடாக்கினால் அங்குள்ள அணுக்கள் ஒரு படிகத்தை விட்டு அடுத்த படிகத்தின் வரிசையில் போய் ஒட்டிக்கொள்ளும். அணுக்கள் இந்தப் பக்கம் வர, எல்லை அந்தப் பக்கம் நகரும்.

சரி, தாவல் இரு பக்கமும் நடக்குமே, ஏன் ஒரு திசை ஜெயிக்கிறது? எல்லைக்கு ஆற்றல் உண்டு, பரப்பு குறைந்தால் அதுவும் குறையும். அதனால் வளைந்த எல்லை தன் வளைவு மையத்தை நோக்கி நகர்கிறது. சின்னப் படிகங்கள் கரைந்து, பெரியவை வளர்கின்றன. சோப்பு நுரையிலும் இதுவே. தட்டையான நுரையில் ஆறுக்கு மேல் பக்கமுள்ள குமிழி வளரும், ஆறுக்குக் குறைவான பக்கமுள்ளது சுருங்கும் என்று கணிதமேதை ஜான் வான் நாய்மன் 1952-ல் காட்டினார். இயற்பியலாளர் முல்லின்ஸ் 1956-ல் அதை உலோக எல்லைகளுக்குக் கொண்டுவந்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது இதைத் தடுக்கும் வித்தைதான். பழைய குண்டு பல்பின் டங்ஸ்டன் இழையில் எல்லைகள் இஷ்டத்துக்கு நகர்ந்து கம்பியின் குறுக்கே நின்றுவிட்டால், அந்த இடத்தில் படிகங்கள் வழுக்கி இழை அறுந்துவிடும். அதனால் சிறிதளவு பொட்டாசியம் சேர்ப்பார்கள். அது டங்ஸ்டனில் கரையாது. நுண்ணிய குமிழிகளாக, கம்பியின் நீளவாக்கில் வரிசை வரிசையாக நின்றுவிடும். குமிழியில் பட்ட எல்லை அதைவிட்டு விலகக் கூடுதல் பரப்பை உருவாக்க வேண்டும், அதற்கு ஆற்றல் வேண்டும். எனவே எல்லை அங்கேயே மாட்டிக்கொள்கிறது. படிகங்கள் நீளவாக்கில் நீண்டு, ஒன்றோடொன்று கோத்து வளர்கின்றன.