பழுத்த தாள்களும் பதினாறு பக்க இதழும்

கேள்வி: அக்கா, நாங்கள் ஐந்து பேர். மூன்று பேர் கிளிநொச்சி, ஒருவர் மல்லாவி, ஒருவர் புதுக்குடியிருப்பு. வாளும் மந்திரமும் கலந்த பழைய ஆங்கில சாகசக் கதைகள் என்றால் எங்களுக்கு உயிர். 1960, 70களில் அச்சான மலிவுப் பதிப்புகள் நாற்பது அளவில் எங்களிடம் இருக்கின்றன. மாறி மாறி இரவல் கொடுத்ததில் தாள்கள் உடைகின்றன, சில புத்தகங்கள் திரும்பி வரவேயில்லை. பிடித்த கதைகளைத் தமிழாக்கி, சொந்தக் கதைகளும் வரைபடங்களும் சேர்த்து 100 பக்கத்தில் ஒரு சஞ்சிகை கொண்டுவரத் திட்டமிட்டோம். ஒரு வருடமாகியும் ஒரு பக்கம்கூட அச்சாகவில்லை. இதற்கிடையில் இரண்டு பேர் ஒரே வீரனை வைத்துக் கதை எழுத, ஒருவர் அவனைச் சாகடித்துவிட்டார். இப்போது அவர்கள் இரண்டு பேருக்கும் கதை பேச்சில்லை. எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு தம்பி, கிளிநொச்சி

பதில்: தம்பி, முதலில் அந்த 100 பக்கத் திட்டத்தைக் கைவிடுங்கள். 16 பக்கத்தில் ஓர் இதழ், அதற்குள் தொடங்கி முடிகிற ஒரே ஒரு கதை, கூடவே ஒரு வரைபடம். முதல் முறைக்கு இது போதும். உங்களுக்குப் பிடித்த கதைகளும் இப்படியான கட்டுக்குள் பிறந்தவைதான். 1923 மார்ச்சில் தொடங்கிய ‘வியேர்ட் ரேல்ஸ்’ போன்ற மலிவுத்தாள் சஞ்சிகைகள் எழுதுகிறவருக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று எண்ணித்தான் காசு கொடுத்தன. எழுதுகிறவருக்கு நீளமும் முடிவுத் திகதியும் முன்பே தெரியும். முதல் பத்தியிலேயே ஆபத்து கதவைத் தட்டுகிற அந்த வேகத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இதழுக்குப் போகுமுன் புத்தகங்களைக் கவனியுங்கள். மாரி தொடங்கிவிட்டால் அவற்றுக்கு அவகாசம் இல்லை.

அந்தத் தாள் மரத்தை அரைத்த கூழில் செய்தது. மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் அதில் அப்படியே தங்கியிருக்கிறது. வெளிச்சமும் சூடும் படப்பட அது மஞ்சளாகி, அமிலம் ஏறி, நார் முறிகிறது. நடந்ததைத் திருப்ப முடியாது, வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். ஆகவே ஈரம் பட்ட புத்தகத்தை வெயிலில் காயப்போடாதீர்கள். நிழலில், காற்றோட்டத்தில், பக்கங்களை விசிறிபோல லேசாக விரித்து நிறுத்திவைத்தால் போதும். சீமெந்துத் தரையிலோ சுவரோடு ஒட்டியோ அடுக்க வேண்டாம். மாரியில் சுவர் உறிஞ்சும் ஈரம் தாளுக்கு ஏறும், கறையானுக்கும் அதுவே வழி. கால் வைத்த தட்டில், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். தகர ட்ரங்குப் பெட்டியில்தான் வைப்பீர்கள் என்றால், புத்தகமும் பெட்டியும் நன்றாக உலர்ந்த நாளில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடுங்கள். ஈரத்தோடு பூட்டிய பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கத் திறந்த தட்டைவிட வசதி அதிகம்.

பூச்சி துளைத்த புத்தகம் வந்தால் மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். பொலித்தீன் பையில் காற்றை அமுக்கி வெளியேற்றி, இறுக மூடி, வீட்டு ஃபிறீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் துளித்துளியாகப் படியும். அறைச் சூட்டுக்கு வர ஒரு முழு நாள் விட்டுத்தான் திறக்க வேண்டும்.

கழன்ற பக்கத்துக்கு செலோடேப் ஒட்டுவது எல்லோரும் செய்கிற பிழை. சில வருடத்தில் அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. கோதுமை மாப் பசை காகிதத்துக்கு நல்லதுதான், ஆனால் நம் பக்கத்து வெள்ளிப்பூச்சிக்கு அது விருந்து. வெள்ளைப் பசையைச் சிறு தூரிகையால் பக்கத்தின் உள்விளிம்பில் 2 மில்லிமீற்றர் அகலத்துக்கு மட்டும் பூசி, முதுகோடு பொருத்தி, இரு புறமும் மெழுகுத்தாள் வைத்து, பாரம் ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். பசை அகலமாகப் போனால் அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொண்டு வரும்.

எதை இரவல் கொடுக்கலாம் என்று அறிய, கடைசிப் பக்கத்தின் மூலையை மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைந்தால் ஊர் சுற்றலாம். முறியப் பார்த்தால் அந்தப் புத்தகம் வைத்திருப்பவர் வீட்டில் இருந்தே வாசிக்கப்பட வேண்டும், அதுவும் செங்கோணத்துக்கு மேல் விரிக்காமல். போட்டோக் கொப்பி இயந்திரத்தில் குப்புற வைத்து அமுக்குவதில்தான் பாதி முதுகுகள் வெடிக்கின்றன.

திரும்பி வராத புத்தகங்களுக்கு ஒரு சி.ஆர். கொப்பி போதும்: புத்தகத்தின் பெயர், போன திகதி, வரவேண்டிய திகதி, போகும்போது இருந்த காயங்கள். ஒருவரிடம் ஒரு நேரத்தில் ஒரு புத்தகம், மூன்று வாரம். மல்லாவிக்கும் புதுக்குடியிருப்புக்கும் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறீர்கள் என்றால், இரண்டு மட்டைக்கு நடுவே வைத்து, பொலித்தீனில் சுற்றி, பிறகு கடதாசியில் கட்டுங்கள். காயங்களை எழுதிவைப்பது சின்ன வேலைதான். ஆனால் “நான் உடைக்கவில்லை” என்ற சண்டை அதோடு முடிந்துவிடும்.

இனித் தமிழாக்கம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுவரை பதிப்புரிமை உண்டு. மொழிபெயர்க்கும் உரிமையும் அதற்குள் அடக்கம், இலவசமாகக் கொடுத்தாலும் விதிவிலக்கில்லை. றொபேர்ட் ஈ. ஹவார்ட் 1936இல், எச். பி. லவ்கிராஃப்ட் 1937இல், எட்கார் றைஸ் பரோஸ் 1950இல் இறந்தவர்கள். இவர்களுடைய கதைகளை இங்கே தமிழாக்கி அச்சிடத் தடையில்லை. கிளார்க் அஷ்டன் ஸ்மித் 1961இல் இறந்தவர், 2031 தாண்டும்வரை பொறுக்க வேண்டும். சி. எல். மூர் (1987), ஃபிரிட்ஸ் லைபர் (1992) இருவரையும் அனுமதி இல்லாமல் தொடவே வேண்டாம், வாசித்து மகிழுங்கள். வெளிநாட்டுக்குப் பிரதி அனுப்பினால் அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

உங்கள் கையிலிருக்கும் பதிப்பிலேயே ஒரு பொறி இருக்கிறது. 1966 முதல் மலிவுப் பதிப்பாக வந்த ஹவார்டின் கொனான் என்ற வாள்வீரனின் கதைத் தொகுதிகளில் எல்லாம் அவர் எழுதியவை அல்ல. ஸ்ப்ரேக் டி காம்ப் (இறப்பு 2000), லின் கார்ட்டர் (இறப்பு 1988) இருவரும் அவருடைய அரைகுறைக் கதைகளை முடித்தும், புதிதாக எழுதியும் சேர்த்திருக்கிறார்கள். அவர்கள் கைபட்ட பகுதிக்கு உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே முன்னட்டைப் பெயரை மட்டும் நம்பாமல், கதை முதலில் சஞ்சிகையில் வந்த வடிவத்தைத் தேடி எடுத்து அதிலிருந்து தமிழாக்குங்கள். அந்தப் பழைய கதைகளில் கறுப்பின மக்களையும் பெண்களையும் பற்றி அருவருப்பான வரிகள் தாராளமாக உண்டு. அப்படியொரு வரி கதைக்கே முதுகெலும்பாக இருந்தால் அந்தக் கதையை விட்டுவிடுங்கள். வேறு கதை கிடைக்கும்.

செத்துப்போன வீரன் விடயத்துக்கு வருகிறேன். பொது உலகம் ஒன்றை வைத்துப் பலர் எழுதும்போது ஒரு விதி எழுத்தில் இருக்க வேண்டும்: பாத்திரத்தைப் படைத்தவருக்கே அது சொந்தம். மற்றவர்கள் இரவல் எடுக்கலாம், ஆனால் படைத்தவர் சம்மதிக்காமல் கொல்லவோ, ஊனமாக்கவோ, கலியாணம் செய்துவைக்கவோ கூடாது. அந்த மரணக் கதை நன்றாக இருந்தால் வீரனின் பெயரை மாற்றி அச்சிடுங்கள். சாகடித்தவரும் எழுத்தாளர்தானே, அவர் உழைப்பும் வீணாகக் கூடாது. இரண்டு பேரையும் ஒரே மேசையில் இருத்தி, வரைபடத்தைச் சேர்ந்து கீறச் சொல்லுங்கள்.

அந்த வரைபடத்தில் பனிமலை வேண்டுமா என்று ஒரு தரம் யோசியுங்கள். காலடியில் வன்னி இருக்கிறது. குளக்கட்டும், தண்ணீர் திறந்துவிடும் துருசும், மிகுநீர் வழியும் வானும் உள்ள நாட்டில், துருசுக் கதவு யார் கையில் என்பதே ஓர் அரசியல். மாரியில் கட்டு உடைந்தால் ஓர் ஊரே போகும். பாலைமரக் காடு, யானை கடக்கும் தடம், கைவிடப்பட்ட சிறு குளம் என்று சாகசத்துக்கு வேண்டிய நிலம் முழுதும் இங்கே உண்டு. ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில், வன்னி மன்னன் பண்டார வன்னியன் 1803 ஒக்டோபர் 31இல் தோற்கடிக்கப்பட்டதைச் சொல்லும் கல்லின் வாசகத்தை வாசித்துப் பாருங்கள். ஒரு பெயர், ஒரு பகைவன், ஒரு திகதி, அவ்வளவுதான். சொல்லாமல் விட்டதில்தான் கதை இருக்கிறது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரிவதை எந்த மந்திரக் கதையும் கேட்டு வாங்கும், ஆனால் அதை மந்திரவாதியின் வித்தையாக ஆக்காதீர்கள். அங்கே நேர்த்தி வைத்திருப்பவர்கள் உங்கள் வாசகர்களும்தான்.

தூரத்தை நடையால் அளவிடுங்கள். பரந்தன்–முல்லைத்தீவு ஏ-35 வீதி ஏறத்தாழ 52 கிலோமீற்றர். பாரம் சுமந்த மனிதனுக்கு அது இரண்டு நாள். இந்த அளவை வரைபடத்தில் போட்டுவிட்டால், ஒருவர் கதையில் காலையில் புறப்பட்ட தூதன் இன்னொருவர் கதையில் மத்தியானமே போய்ச் சேரும் குழப்பம் வராது. போர்க் காட்சிகளை எழுதுமுன் ஐந்து பேரும் மனம்விட்டுக் கதையுங்கள். குண்டுச் சத்தத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் வாசிக்கப் போகிறார்கள். வாள்வீச்சை எழுதலாம். இடம்பெயர்கிற சனத்தை வெறும் பின்னணிப் படமாக வைக்கக் கூடாது.

அச்சு வேலை இனி. நான்கு ஏ4 தாள்களை ஒன்றாக வைத்து நடுவே மடித்தால் 16 பக்கம். வெளித்தாளின் வெளிமுகத்தில் இடது 16, வலது 1. அதன் உள்முகத்தில் 2, 15. அடுத்த தாளில் 14, 3, மறுபுறம் 4, 13. மூன்றாவதில் 12, 5, மறுபுறம் 6, 11. நடுத்தாளில் 10, 7, மறுபுறம் 8, 9. ஒரே முகத்திலுள்ள இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் 17 வரும். வராவிட்டால் பக்கம் மாறிவிட்டது. வரைபடத்தை 8, 9இல் போடுங்கள், அங்கே மட்டும்தான் இரண்டு பக்கமும் ஒரே முகத்தில் அடுத்தடுத்து வருகின்றன, ஆறும் வீதியும் நடுவில் அறுபடாது. இருபுறமும் அச்சிடும்போது குறுகிய விளிம்பில் திருப்பும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள். நீண்ட விளிம்பில் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாக வரும். முதலில் வெறும் எண்கள் மட்டும் எழுதிய ஒரு மாதிரியை மடித்துப் பார்த்துவிட்டுப் போனால் தாள் வீணாகாது.

11 புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 180 சொல் பிடிக்கும். அட்டை, பின்னட்டை, ஆசிரியர் பக்கம், வரைபடம் போக 11 பக்கம் மிஞ்சும். ஆகவே கதை 2000 சொல்லுக்குள். ஒருவர் பாமினி என்ற பழைய எழுத்துருவிலும் மற்றவர் யுனிகோட்டிலும் தட்டெழுதினால் ஒட்டும் இடத்தில் எழுத்தெல்லாம் குழம்பும், எல்லோரும் யுனிகோட்டுக்கு வாருங்கள். கடைக்குக் கொண்டுபோவது பீ.டி.எஃப். கோப்பாக இருக்கட்டும். மடிப்புப் பக்கம் 15 மில்லிமீற்றரும், வெளி விளிம்பில் குறைந்தது 8 மில்லிமீற்றரும் வெற்றிடம் விடுங்கள். பென்சில் நிழல் கொப்பியில் அழுக்காகத்தான் விழும். கறுப்பு மைப் பேனையால், கோடு கோடாக நிழல் போட்டு, ஏ3 தாளில் வரைந்து 71 வீதத்துக்குச் சுருக்குங்கள். கை நடுக்கமும் சுருங்கிவிடும்.

சாதாரண ஸ்டேப்ளர் மடிப்புவரை எட்டாது, கம்பியும் கடலோரக் காற்றில் துருப்பிடித்துத் தாளைக் கறைப்படுத்தும். நூலால் தையுங்கள். மடிப்பின் நடுவில் ஒன்றும், மேலும் கீழும் ஓரத்திலிருந்து 4 சென்ரிமீற்றரில் ஒவ்வொன்றுமாக மூன்று துளை. 60 சென்ரிமீற்றர் தடித்த பருத்தி நூலை உள்ளிருந்து நடுத்துளையால் வெளியே எடுத்து, மேல்துளையால் உள்ளே விட்டு, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையால் வெளியே எடுத்து, மறுபடி நடுவால் உள்ளே கொண்டுவாருங்கள். நூலின் இரு முனையும் உள்ளே ஓடும் நீளத் தையலின் இருபுறமும் நிற்க வேண்டும். அதன் மேலாக முடிச்சிடுங்கள். நைலோன் நூல் தாளை அறுக்கும்.

முதல் இதழுக்கு 30 பிரதி போதும். 120 தாள் தேவை, 130 வாங்குங்கள், முதல் சில பிரதிகள் கோணலாகத்தான் மடியும். முடிவுத் திகதியன்று கதை மிகவும் சிறிதாக நின்றால் திகதியைத் தள்ளாதீர்கள். இதழை 12 பக்கமாக்குங்கள். அப்போது மூன்று தாள், கூட்டுத்தொகை 13, வரைபடம் 6, 7இல்.