தோட்டத்துச் சாளையில் ஒரு பொமேரேனியன் குட்டி: கருத்தடை செய்யலாமா?

கேள்வி: கோபி பக்கம் தென்னையும் மஞ்சளும் வைத்திருக்கிறேன். குடியிருப்பும் தோட்டத்துச் சாளையில்தான். மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு பொமேரேனியன் பெட்டைக் குட்டி வாங்கினோம். இப்போது ஐந்து மாதம், எடை 3 கிலோ. தடுப்பூசியெல்லாம் போட்டாகிவிட்டது. சாளையில் ஏற்கெனவே இரண்டு கடுவன் நாட்டு நாய்கள் இருக்கின்றன. குட்டிக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்கிறார் டாக்டர். ஒரு ஈத்தாவது போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்கிறார் என் அம்மா. ஆபரேஷனே வேண்டாம், ஊசி போட்டால் போதும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். இவ்வளவு சின்ன உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா? என்ன செய்வது?

பதில்: செய்துவிடுங்கள். அதுவும் முதல் ஹீட் (பருவம்) வருவதற்கு முன்பே, அதாவது இன்னும் ஒரு மாதத்துக்குள்.

இதே குட்டி கோயம்புத்தூரில் மூன்றாவது மாடி வீட்டில் வளர்ந்தால், யோசிக்க உங்களுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுத்திருப்பேன். உங்கள் சாளைக்குக் கதவு உண்டு, தோட்டத்துக்குக் கதவு கிடையாது. போதாததற்கு இரண்டு கடுவன்கள் வாசலிலேயே படுத்திருக்கின்றன. என் பதிலில் பாதி அந்த இரண்டு நாய்களால் வந்தது.

மாடு வைத்திருப்பவர்கள் நாய் விஷயத்தில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பசு 21 நாளைக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், ஒரு நாளைக்குள் முடிந்துவிடும். பருவம் முடிந்த பிறகுதான் சில பசுக்களுக்கு ரத்தம் கசியும். அதைப் பார்த்ததும், ‘இனிமேல் சினை ஊசி போட்டுப் பிரயோஜனமில்லை’ என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். நாயில் அப்படியே தலைகீழ். ரத்தம்தான் ஆரம்பம். முதல் ஏழு, பத்து நாள் அறை (பிறப்புறுப்பு) வீங்கி ரத்தம் கசியும். கடுவன்கள் பின்னாலேயே சுற்றும், ஆனால் பெட்டை பக்கத்தில் விடாது. அதன் பிறகு ரத்தம் வெளுத்து வைக்கோல் தண்ணீர் நிறத்துக்கு வரும். ‘சரி, முடிந்துவிட்டது’ என்று வீட்டுக்காரர்கள் கயிற்றை அவிழ்த்துவிடுவது அன்றைக்குத்தான். சினை பிடிப்பதும் அன்றைக்குத்தான். மொத்தம் மூன்று வாரம், வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு தடவை, இப்படிக் காவல் காக்க வேண்டும். மஞ்சள் வெட்டு நடக்கும்போது யார் காப்பது?

சின்ன ஜாதி நாய்கள் சீக்கிரமே பருவத்துக்கு வரும். ஆறிலிருந்து பத்து மாதத்துக்குள் முதல் ஹீட் வந்துவிடும். ஏழு மாதக் குட்டியும் சினை பிடிக்கும். நாலு கிலோ பெட்டை, பதினைந்து இருபது கிலோ நாட்டுக் கடுவன். குட்டிகள் அப்பன் அளவுக்குப் போக, இடுப்பெலும்பு வழிவிடாமல், 63-வது நாள் வாக்கில் நடுராத்திரி வயிற்றைக் கிழித்துக் குட்டி எடுக்கும்படி ஆகிவிடும். வேண்டாம் என்று தள்ளிப்போட்ட அதே ஆபரேஷன், பல மடங்கு ஆபத்தோடு வந்து நிற்கும். இன்னொன்று, ஊர் சுற்றும் நாய்களிடம் இணைசேரும்போது தொற்றுகிற கட்டி நோய் ஒன்று நம் பக்கம் சகஜம். அறையிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் வரும். ‘ஹீட் இன்னும் நிற்கவில்லை’ என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் கொண்டுவருவார்கள். மருந்தில் குணமாகும்தான், ஆனால் வாராவாரம் ஊசிக்கு அலைய வேண்டும்.

உங்கள் அம்மா சொல்வதற்கு வருகிறேன். ஆட்டையும் மாட்டையும் பார்த்துவந்த அனுபவத்தில் சொல்கிறார். சினை பிடிக்காத பசுவின் உடம்பு இரண்டரை வாரத்தில் அதைக் கண்டுகொண்டு அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடும். நாயின் உடம்புக்கு அந்தக் கணக்குத் தெரியாது. சினையோ இல்லையோ, ஒவ்வொரு ஹீட்டுக்குப் பிறகும் இரண்டு மாதம் சினை ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கும். கர்ப்பப்பையின் உள்சுவர் சும்மாவே தடித்து, ஈரம் கட்டி, கிருமி வளரத் தோதான இடமாகிவிடும். வருடங்கள் போகப் போக ஒரு ஹீட்டில் அது சீழ் பிடிக்கும். ஒரு ஈத்து போட்டால் இது வராது என்பதற்கு ஆதாரமில்லை. குட்டி போட்ட நாய்களுக்கும் வந்து பார்த்திருக்கிறேன்.

ஏழெட்டு வயதுப் பொமேரேனியன் ஒன்றை ஒருமுறை அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கிவந்தார்கள். ஹீட் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நாலு நாளாகத் தீனி எடுக்கவில்லை, தண்ணீர் மட்டும் குடம் குடமாகக் குடிக்கிறது, வாந்தி என்றார்கள். வயிறு உப்பியிருந்ததால் சினை என்று நினைத்து முட்டையும் பாலும் வைத்திருக்கிறார்கள். திறந்து பார்த்தால், பேனா ரீஃபில் தடிமன் இருக்க வேண்டிய கர்ப்பப்பைக் கொம்பு நேந்திரங்காய் தடிமனுக்குச் சீழ் கட்டிக் கிடந்தது. எடுத்துத் தட்டில் வைத்தபோது 700 கிராம். நாயின் எடையே ஐந்தரை கிலோ. பிழைத்தது, ஆனால் பத்து நாள் இழுத்துக்கொண்டது. கர்ப்பப்பை வாய் மூடியிருந்தால் இப்படி வெளியே ஒரு சொட்டும் வராமல் உள்ளேயே பெருகும்.

ஸ்வீடனில் ஒரு காலத்தில் பெட்டை நாய்களுக்குக் கருத்தடை செய்கிற வழக்கம் குறைவு. அங்குள்ள காப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்தால், பத்து வயதுக்குள் ஏறக்குறைய நாலில் ஒரு பெட்டைக்கு இந்தச் சீழ் நோய் வந்திருக்கிறது. கருமுட்டைப் பையையும் கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டால் இந்தப் பயம் இல்லை.

மார்புக் கட்டி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1969-ல் கலிபோர்னியாவில் செய்த ஆய்வுதான் எல்லோரும் சொல்லும் கணக்கு: கருத்தடை செய்யாத நாய்க்குள்ள அபாயத்தை நூறு என்று வைத்தால், முதல் ஹீட்டுக்கு முன் செய்த நாய்க்கு 0.5, ஒரு ஹீட்டுக்குப் பின் 8, இரண்டுக்குப் பின் 26. அந்தக் கணக்கு அவ்வளவு உறுதியானதல்ல என்று 2012-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் அலசிச் சொன்னார்கள். எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஆனால் மடியில் நெல்லிக்காய் அளவு கட்டிகளோடு என்னிடம் வரும் வயதான நாய்களில் பெரும்பாலானவை கருத்தடை ஆகாதவை என்பதை மட்டும் சொல்ல முடியும்.

பெரிய ஜாதி நாய்களுக்கு ஒரு வயதுவரை பொறுங்கள் என்று இப்போது சொல்கிறோமே, அது உங்கள் குட்டிக்குப் பொருந்தாது. கோல்டன் ரெட்ரீவர் போன்றவற்றுக்குச் சின்ன வயதில் ஹார்மோனை நிறுத்தினால் மூட்டுக் கோளாறு கூடுகிறது என்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். அவர்களே 2020-ல் 35 ஜாதிகளைப் பார்த்தபோது சின்ன ஜாதிகளில் அந்த மூட்டுத் தொந்தரவு தெரியவில்லை. கருத்தடைக்குப் பிறகு சில நாய்களுக்குத் தூக்கத்தில் மூத்திரம் கசியும். அதுவும் பெரிய உடம்புக்காரிகளிடம்தான் அதிகம்.

மயக்க மருந்துக்கு நீங்கள் பயப்படுவது நியாயம்தான். ஆனால் சின்ன உடம்பில் மருந்தைவிட எனக்குப் பயம், சர்க்கரை இறங்குவதும் உடம்பு சில்லிட்டுப் போவதும்தான். ‘நேற்று மத்தியானத்திலிருந்தே பட்டினி போட்டுவிட்டேன் டாக்டர்’ என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. 3 கிலோ குட்டிக்கு அது கெடுதல். எத்தனை மணி நேரம் என்று டாக்டர் சொல்கிறாரோ அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூட வேண்டாம். போகும்போது பழைய போர்வை ஒன்று கையில் இருக்கட்டும். மற்றபடி இந்த வயதில் வயிற்றுக்குள் கொழுப்பு குறைவு, ரத்தக்குழாய் மெலிசு. கிழிக்கிற நீளமும் இரண்டு விரல் அகலம்தான் இருக்கும்.

ஊசி வேண்டவே வேண்டாம். ஹீட்டைத் தள்ளிப்போடும் அந்த ஊசியில் இருப்பது மேலே சொன்ன அதே சினை ஹார்மோன் வகை. எந்தச் சீழ் நோய்க்குப் பயந்து ஆபரேஷன் செய்கிறோமோ, அதையே ஊசி போட்டு வரவழைப்பது போலாகும். மார்புக் கட்டிக்கும் அது தூபம் போடும்.

தள்ளிப்போட வேண்டிய நேரமும் உண்டு. உண்ணிக் காய்ச்சல் இருந்தால் இப்போது செய்யக் கூடாது. மாட்டுக் கொட்டகையும் நாட்டு நாய்களும் உள்ள இடத்தில் உண்ணி இல்லாமல் இருக்காது. அந்தக் காய்ச்சலில் ரத்தம் உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்துவிடும், அறுத்த இடத்தில் ரத்தம் நிற்காது. காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தடவிப் பாருங்கள். ரத்தப் பரிசோதனை செய்யாமல் மேசையில் ஏற்ற வேண்டாம் என்று நீங்களே கேளுங்கள். அறையில் அடிக்கடி பிசுபிசுப்பான கசிவு, நக்கிக்கொண்டே இருப்பது என்றிருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். சில குட்டிகளுக்கு ஒரு ஹீட் ஆனபின் அது தானாகச் சரியாகும், அப்போது முதல் ஹீட் முடியும்வரை காத்திருப்பதே மேல். அதற்குள் ஹீட் வந்துவிட்டாலோ, வீட்டுக்குள் பூட்டிக் காவல் காத்து, இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்யுங்கள். ஹீட்டில் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில், வீட்டுக்காரர் கெஞ்சினார் என்று அப்படி ஒரு நாயை அறுத்துவிட்டு, முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு வியர்த்து நின்ற சாயங்காலம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் தையல் ஆற பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். கழுத்தில் மாட்டிவிடும் புனலைப் பாவம் என்று கழற்றாதீர்கள். ஒரு ராத்திரியில் தையலை நக்கியே பிரித்துவிடும். மஞ்சள் காட்டுக்காரரிடம் சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம், தையல் மேல் மஞ்சளோ வேப்பெண்ணெயோ வைக்காதீர்கள். அப்புறம் தீனி. கருத்தடைக்குப் பிறகு சாப்பாட்டில் கால் பங்கு குறையுங்கள், இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் பூசணிக்காய் மாதிரி ஆகிவிடும். குரைப்பு குறையாது, கவலை வேண்டாம்.

தனியார் கிளினிக் செலவு அதிகம் என்று தோன்றினால், மாவட்டத்தில் உள்ள அரசு கால்நடைப் பன்முக மருத்துவமனையிலோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ குறைந்த கட்டணத்தில் செய்துகொள்ளலாம். போவதற்கு முன் குட்டியின் வாயைத் திறந்து பாருங்கள். பொமேரேனியனுக்குப் பால் கோரைப்பல் விழாமல், புதுப் பல்லும் பக்கத்திலேயே முளைத்து இரட்டையாக நிற்கும். அப்படி இருந்தால் அதே மயக்கத்தில் அதையும் பிடுங்கிவிடச் சொல்லுங்கள். அந்த இரண்டு கடுவன்களுக்கும் காயடிக்க இன்னொரு நாள் வாங்கிக்கொண்டு வாருங்கள். அது இதைவிடச் சின்ன வேலை.