ஐந்து மடிக்கணினியும் ஒரு வாக்கும்

கேள்வி: ஆன்லைனில் ஒரு மடிக்கணினியை வழக்கமான விலையில் பத்தில் ஒரு பங்குக்குப் போட்டிருந்தார்கள். இரவு ஒரு மணிக்குப் பார்த்தேன். உடனே ஐந்து ஆர்டர் செய்து பணமும் கட்டினேன். ‘உங்கள் ஆர்டர் உறுதியானது’ என்று மின்னஞ்சல் வந்தது. அதை நம்பி என் பழைய மடிக்கணினியைத் தெரிந்தவர் ஒருவருக்கு அவர் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள், ‘விலை தவறுதலாகப் பதிவாகிவிட்டது, ஆர்டர் ரத்து, பணம் ஏழு வேலை நாட்களில் திரும்ப வரும்’ என்கிறார்கள். அத்தனை பெரிய நிறுவனம் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டாமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: ஐந்து எதற்கு?

வாக்கு, நிறுவனம் என்று பெரிய சொற்களுக்குப் போவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நடுராத்திரியில் ஒரே மூச்சில் ஐந்து மடிக்கணினி வாங்குகிறவர், ‘நல்ல தள்ளுபடியாக இருக்கிறதே’ என்று நினைத்து வாங்குவதில்லை. ‘விடிந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்’ என்று நினைத்து வாங்குகிறார். அடுத்தவர் கை தவறியது தெரிந்தே வாங்கிவிட்டு, அவரைப் பார்த்து வாக்குத் தவறிவிட்டாய் என்பது கொஞ்சம் இடிக்கிறது.

இது என் எரிச்சல் மட்டுமல்ல. நீதிமன்றங்களும் இதே இடத்தில்தான் கை வைக்கின்றன. 2003 ஜனவரியில் சிங்கப்பூரில் நடந்ததைக் கேளுங்கள். 3,854 சிங்கப்பூர் டாலர் விலையுள்ள லேசர் அச்சுப்பொறி ஒன்று, சில இணையதளங்களில் 66 டாலர் என்று வந்துவிட்டது. பயிற்சிக்காக யாரோ தட்டிப் பார்த்த எண், நேராக விற்பனைப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான், செய்தி பரவி 784 பேர் சேர்ந்து 4,086 அச்சுப்பொறிகளுக்கு ஆர்டர் போட்டார்கள். அதில் 1,606 ஆறே பேருடையவை! ஒவ்வொரு ஆர்டருக்கும் உங்களுக்கு வந்ததுபோலவே ‘உறுதியானது’ என்று தானியங்கி மின்னஞ்சல் போனது. கடை மறுத்ததும் அந்த ஆறு பேரும் வழக்குப் போட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மின்னஞ்சலை அனுப்பியது இயந்திரம்தான், அதனால் கடைக்குப் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் தள்ளிவிடவில்லை. இயந்திரம் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான் என்று ஏற்றுக்கொண்டது. ஆனாலும் வாங்கியவர்கள் தோற்றார்கள். விலை தவறு என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது, தெரிந்துகொண்டே அள்ளப் பார்த்தார்கள், ஆகவே ஒப்பந்தம் செல்லாது என்பது தீர்ப்பு. 2005-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி வெளியிலிருந்து வரவேண்டியிருக்கவில்லை. ஆர்டர் போட்ட அந்த இரவில், இது தவறாக இருக்குமோ, எத்தனை வாங்கலாம் என்று தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட சாட் செய்திகளே பெரிய சாட்சியாக நின்றன. நுணலும் தன் வாயால் கெடும் என்று பழமொழி நானூறு சொன்னபோது சாட் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இணையம் வந்து கெடுத்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். 1939-ல் இங்கிலாந்தில் ஒரு முயல்தோல் வழக்கு. பேசியதெல்லாம் ஒரு தோலுக்கு இவ்வளவு என்று. விற்பவர் விலையை எழுதி அனுப்பும்போது ஒரு பவுண்டு எடைக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டார். ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய மூன்று தோல் நிற்கும். மூன்றில் ஒரு பங்கு விலை! வாங்குபவர் சத்தமில்லாமல் ‘சரி’ என்றார். அந்தத் தொழிலில் இருக்கும் உமக்கு இது தவறு என்று தெரியாமல் இருக்க வழியே இல்லை என்று நீதிமன்றம் கையை விரித்துவிட்டது.

சரி, அப்படியானால் கடைக்காரர் பக்கம்தான் நியாயமா? அங்கேயும் எனக்கு நிறையக் கோபம் இருக்கிறது.

நீங்கள் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று படிக்காமல் தட்டிய விதிமுறைகளைத் திறந்து பாருங்கள். பொருளை அனுப்பும்போதுதான் ஒப்பந்தமே உருவாகிறது என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். அலமாரியில் விலை ஒட்டி வைப்பது வாருங்கள் என்று கூப்பிடுவது மட்டுமே, விற்கிறேன் என்ற உறுதி ஆகாது என்ற பழைய சட்டக் கருத்தின் நீட்சி இது. 1953-ல் இங்கிலாந்தின் பூட்ஸ் மருந்துக்கடை வழக்கில் ஊன்றிய கருத்து. கருத்தில் குறையில்லை. ஆனால் அலமாரியில் ஒட்டிய சீட்டு உங்கள் பணத்தை எடுத்துக்கொள்ளாது. இங்கே பணத்தை எடுப்பது அந்த நொடியிலேயே, வாக்கு மட்டும் மூன்று நாள் கழித்து. ‘உறுதியானது’ என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, அதன் அர்த்தம் ‘உறுதியாகவில்லை’ என்று எங்கோ பொடி எழுத்தில் வைத்திருப்பவருக்கு மொழியின் மேலேயே மரியாதை இல்லை.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். தவறைத் திருப்பிப் போடுங்கள். நீங்கள் ஒன்று என்று தட்டுவதற்குப் பதில் பதினொன்று என்று தட்டிவிட்டு, மூன்றாம் நாள் ‘கை தவறிவிட்டது’ என்று எழுதினால் அந்தக் கடை என்ன செய்யும்? மறுபேச்சில்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டால், தன் கை தவறியதற்கும் அதே சலுகையைக் கேட்க அதற்கு உரிமை உண்டு. அனுப்பும் செலவு, திருப்பும் செலவு, பிரித்த பெட்டி என்று கணக்குப் போட்டால் அது நியாயம் பேசவில்லை, வசதி பேசுகிறது.

தவறு தவறாகத் தெரிய வேண்டும் என்பதும் முக்கியம். 2001 முடிந்து 2002 பிறக்கிற நேரத்தில் பிரிட்டனில் கோடக் நிறுவனம் 329 பவுண்டு கேமராத் தொகுப்பை இணையத்தில் 100 பவுண்டுக்குப் போட்டுவிட்டது. முதலில் தரமாட்டோம் என்றது. உறுதி மின்னஞ்சல் வைத்திருந்தவர்கள் வழக்குக்குத் தயாரானதும் இறங்கி வந்து அந்த விலைக்கே கொடுத்தது. இதில் நான் வாங்கியவர்கள் கட்சி. புத்தாண்டு தள்ளுபடிக் காலம், மூன்றில் ஒரு பங்கு விலை என்றால் நம்பத்தான் செய்வார்கள். நாள் தவறாமல் பழைய விலையை அடித்துப் புதிய விலையை எழுதி, எழுபது சதவீதம், எண்பது சதவீதம், இன்னும் பத்து நிமிடம்தான் என்று கத்துகிற தொழில், நம்பியவரைப் பார்த்து ‘இதைக்கூட நம்புவார்களா?’ என்று கேட்க முடியாது. நம்பப் பழக்கியதே அவர்கள்தான். பத்தில் ஒரு பங்குக்குக்கூட இந்த வாதம் கொஞ்சம் ஒட்டும், நீங்கள் ஒன்று வாங்கியிருந்தால்.

வாக்கைக் காப்பாற்றியவர்களும் உண்டு. 2019 புத்தாண்டு நாளில் கத்தே பசிபிக் விமான நிறுவனம், வியட்நாமின் டா நாங்கிலிருந்து நியூயார்க் போய்வர 16,000 டாலர் அளவுக்கு விற்கும் உயர்வகுப்புச் சீட்டை 675 டாலருக்கு விற்றுவிட்டது. ஆமாம், தவறுதான், வாருங்கள் என்று சொல்லி ஏற்றிக்கொண்டது. நல்ல காரியம். கூடவே உலகம் முழுக்கச் செய்தியானது, அந்த விளம்பரத்துக்கு வேறு வழியில் எவ்வளவு ஆகியிருக்கும் என்று அவர்களும் கணக்குப் போட்டிருப்பார்கள். அதைப் பாராட்டலாம், எல்லோரிடமும் உரிமையாகக் கேட்க முடியாது.

ஏன் என்றால், ‘அத்தனை பெரிய நிறுவனம்’ என்கிறீர்களே, திரைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? 2014 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை மாலை, கிறிஸ்துமஸ் விற்பனை உச்சத்தில் இருந்த நேரம். போட்டியாளரின் விலையைப் பார்த்து நம் விலையைத் தானாகவே மாற்றித் தரும் மென்பொருள் ஒன்று கோளாறாகி, அமேசானின் பிரிட்டன் தளத்தில் ஏராளமான பொருட்களை ஒரு பென்னிக்கு, அதாவது ஒரு பவுண்டில் நூறில் ஒரு பங்குக்கு, இறக்கிவிட்டது. ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். தளம் அமேசானுடையது, சரக்கு அமேசானுடையது அல்ல. அமேசானின் கிடங்கில் சரக்கை வைத்துவிட்டு வீட்டிலிருந்து வியாபாரம் பார்த்த சிறு குடும்பங்களுடையது. பெரும்பாலான ஆர்டர்களை அமேசான் ரத்து செய்தது, சில அதற்குள் கிடங்கைவிட்டே கிளம்பிவிட்டன. வாங்கியவர்களில் பலர் பெரிய நிறுவனத்துக்கு வலிக்காது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

அப்புறம், உங்கள் பழைய மடிக்கணினி. கேள்வியில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள், எனக்கு அதுதான் கனமாகப் படுகிறது.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2015-ல் விமானச் சீட்டு விலைத் தவறுகளுக்கு ஒரு நிலைப்பாடு எடுத்தது. அதற்கு முன்பு, விற்ற சீட்டின் விலையை ஏற்றக் கூடாது என்ற விதியைத் தவறுதலான விலைக்கும் அந்தத் துறை பொருத்தியது. விலை தவறு என்று தெரிந்ததும் கூட்டமாகப் போய் வாங்கிவிட்டு விதியைக் காட்டுகிறவர்கள் பெருகிவிடவே, மாற்றினார்கள். தவறுதான் என்று நிறுவனம் நிரூபித்தால் சீட்டை ரத்து செய்யலாம். ஆனால் பணம் முழுவதையும் திருப்ப வேண்டும், அந்தச் சீட்டை நம்பிப் பயணி செய்த நியாயமான செலவுகளையும், ரத்து செய்ய முடியாத விடுதி முன்பதிவு போன்றவற்றை, ஈடுகட்ட வேண்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது. தவறினால் வந்த லாபம் வாங்கியவருக்கு இல்லை. தவறினால் வந்த நஷ்டமும் வாங்கியவருக்கு இல்லை.

ஆகவே கடைக்கு எழுதுங்கள். ஐந்து மடிக்கணினி கேட்டு அல்ல. எடுக்க ஒரு நொடி ஆன பணத்தைத் திருப்ப ஏன் ஏழு வேலை நாள் என்று கேளுங்கள். ‘உறுதியானது’ என்ற மின்னஞ்சலை நம்பிப் பழைய கணினியைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டதில் எவ்வளவு போனது என்று கணக்குக் காட்டி அதைக் கேளுங்கள். மூன்று நாள் பேசாமல் இருந்ததற்கு விளக்கம் கேளுங்கள். இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு உண்டு. சொல்லாவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்புக்குப் போகலாம். அங்கே பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும், எத்தனை வாங்கினீர்கள் என்பதையும்.